தோட்டச் சாலைக்கு இரண்டு விளக்குகள்



தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு இரவுச் சாலை எப்படியிருக்கும் என்று நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இருபுறமும் செம்பனை, நடுவில் செம்மண், மழை பெய்துவிட்டால் பள்ளமெது மேடெது என்று தெரியாது. பிரசவ வலி எடுத்த பெண்ணையோ பாம்பு தீண்டிய ஆளையோ பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டுமென்றால், அந்தச் சாலையில்தான் லேண்ட்ரோவர் போக வேண்டும். பழைய வண்டியின் முன்விளக்குகள் காட்டுகிற வெளிச்சம் போதாது என்று பலரும் கூடுதலாக இரண்டு ஹாலஜன் விளக்குகளைப் பொருத்துகிறார்கள். கையில் ஸ்பானரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் இது நாமே செய்துகொள்ளக்கூடிய வேலைதான். ஆனால் தவறாகச் செய்தால் வயர் தீப்பிடிக்கும். அல்லது எதிரே வருகிறவன் கண் கூசிக் கால்வாயில் விழுவான்.

முதலில் ஹாலஜன் விளக்கு என்றால் என்ன? சாதாரண பல்பில் டங்ஸ்டன் இழை சூடேறி ஒளி தருகிறது. சூட்டில் அந்த உலோகம் சிறிது சிறிதாக ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் கறுப்பாகப் படியும். ஹாலஜன் பல்பின் உள்ளே அயோடினோ புரோமினோ சிறிதளவு கலந்திருக்கும். ஆவியான டங்ஸ்டனோடு அது கூடி, அதை மீண்டும் இழையின் பக்கமே கொண்டு சேர்க்கும். ஆகவே கண்ணாடி கறுப்பதில்லை. இழையை அதிகச் சூட்டில் எரிக்கவும் முடிகிறது. இந்தச் சுழற்சி நடக்க பல்பின் சுவர் 250 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். அதனால்தான் குவார்ட்ஸ் எனப்படும் படிகக் கண்ணாடியில் அதைச் செய்கிறார்கள். ஐரோப்பாவில் 1962ஆம் ஆண்டில் மோட்டார் வாகனங்களுக்கு இது வந்தது. இந்தக் கண்ணாடியை வெறும் விரலால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் மட்டும் கூடுதலாகச் சூடேறி, பல்பு சீக்கிரம் கெட்டுவிடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிடலாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். வழக்கமான விளக்கு 55 வாட். இரண்டுக்கும் 110 வாட். வண்டியின் பேட்டரி 12 வோல்ட். 110ஐ 12ஆல் வகுத்தால் ஒன்பது ஆம்பியருக்குச் சற்று மேல். இந்த ஒன்பது ஆம்பியரைத்தான் பலர் பார்க்கத் தவறுகிறார்கள். மெல்லிய வயரை எடுத்து, பேட்டரியிலிருந்து ஓட்டுநர் முன்னாலுள்ள சுவிட்சுக்கும், அங்கிருந்து திரும்ப விளக்குக்கும் இழுத்துவிடுவார்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் ஆறு மீட்டருக்கு ஏறத்தாழ 0.1 ஓம் தடை இருக்கிறது. ஒன்பது ஆம்பியர் அதில் ஓடினால் ஏறக்குறைய ஒரு வோல்ட் வழியிலேயே தொலைகிறது. ஒரு வோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம். இழை விளக்கின் ஒளி வோல்ட்டைவிட மிக வேகமாகக் குறையும். வெளிச்சத்தில் கால்பங்கு போய்விடும். காசு கொடுத்து வாங்கிய வெளிச்சம் வயரில் சூடாகப் போகிறது. பிறகு, "பல்பு சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டை!

இதற்குத் தீர்வு ரிலே. மோட்டார் சாமான் கடையில் மலிவாகவே கிடைக்கும். சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடுகிற பெட்டி அது. அதன் கால்களில் 30, 85, 86, 87 என்று எண்கள் பொறித்திருக்கும். 30க்கு பேட்டரியிலிருந்து நேராக, பியூஸ் வழியாக, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். 87இலிருந்து அதே தடிப்பில் விளக்குகளுக்கு. 85ஐ வண்டியின் உடம்போடு இணைத்துவிடலாம். 86க்கு வருகிற வயரில்தான் ஓட்டுநரின் சுவிட்சு. அதில் ஓடுவது கால் ஆம்பியருக்கும் குறைவு என்பதால் மெல்லிய வயர் போதும். ரிலேயை பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்தால் தடித்த வயரின் தூரமும் குறையும்.

அந்த 86க்கு மின்சாரம் எங்கிருந்து எடுப்பது? சிலர் பேட்டரியிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். அது தவறு என்பது எங்கள் உறுதியான கருத்து. முன்விளக்கின் உயர்கற்றை வயரிலிருந்து எடுக்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் அது நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயர். தாழ்கற்றைக்கு நீலத்தில் சிவப்புக் கோடு. அப்படி இணைத்தால், எதிரே ஆள் வருகிறார் என்று விளக்கைத் தாழ்த்திய அதே நொடியில் கூடுதல் விளக்குகளும் அணைந்துவிடும். விடியுமுன் பெரட்டுக்கு மோட்டார் சைக்கிளில் வருகிற பால்வெட்டுக்காரருக்கு இரண்டு சுவிட்சுகளைத் தேடிக்கொண்டிருக்கும் ஓட்டுநரால் பயன் என்ன? ஜப்பானிய வண்டிகள் சிலவற்றில் முன்விளக்கு சுவிட்சு மின்சாரத்தின் எதிர்ப்பக்கத்தை இணைப்பதாக இருக்கும். அங்கே இந்த முறை அப்படியே பொருந்தாது. சோதனை விளக்கு வைத்துப் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

வேலை தொடங்குமுன் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிடுங்கள். கையில் மோதிரம் இருந்தால் அதையும். பியூஸ் 15 ஆம்பியர் போதும். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். பியூஸ் காப்பாற்றுவது வயரை, விளக்கை அன்று. அது போய்விட்டால் சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அந்த வண்டியில் குழந்தைகளை ஏற்றாமலிருப்பது நல்லது. இரும்புத் தகட்டைத் துளைத்து வயர் போகுமிடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். நம் மரத்துப் பாலின் உறவுதானே, மறக்கலாமா!

லேண்ட்ரோவருக்கு ஒரு தனிக் குணம் உண்டு. பழைய வண்டியின் மேலுடம்பு அலுமினியக் கலவை, அடிச்சட்டம் இரும்பு. இரண்டு உலோகங்கள் கூடுமிடத்தில் மழைநீர் இறங்கினால் அரிப்பு ஏற்பட்டு மின்சாரத் தொடர்பு கெடும். விளக்கு மங்குவதற்கு இதுவும் அடிக்கடிக் காரணம். ஆகவே எர்த் வயரை மேலுடம்பில் முடுக்காமல், பெயிண்டைச் சுரண்டி வெளுப்பாக்கிய அடிச்சட்டத்தில் முடுக்கி, கிரீஸ் தடவுங்கள். டைனமோ உள்ள வண்டியானால் இன்னொன்று: அது தருவதே 22 ஆம்பியர் அளவுதான். முன்விளக்கும் துடைப்பானும் எடுத்தது போக மிச்சம் அதிகமில்லை. வண்டியை நிறுத்தி எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக்கொண்டு இந்த விளக்குகளை எரித்தால் பேட்டரிதான் இறங்கும்.

விளக்குகளை முன்பம்பரில், ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்காமல் பொருத்துங்கள். கூரைமேல் வைத்தால் அழகாக இருக்கலாம்; எஞ்சின் மூடியில் பட்ட ஒளி திரும்பி நம் கண்ணிலேயே விழும். குறி வைப்பதற்குச் சமதரையும் சுவரும் வேண்டும். பத்து மீட்டர் தள்ளி நின்றால், ஒளியின் நடுப்புள்ளி விளக்கின் உயரத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் கீழே விழட்டும். பின்பக்கம் பாரம் ஏற்றினால் மூக்கு நிமிரும், ஒளியும் மேலே போகும். அதனால் வழக்கமாக ஏற்றும் பாரத்தோடுதான் குறி வைக்க வேண்டும். எங்கள் பள்ளிப் பையன்களை அழைத்தால் பாரமாக உட்கார எட்டுப் பேர் உடனே ஓடி வருவார்கள்.

பனியிலும் கொட்டுகிற மழையிலும் இவை உதவா. வெள்ளைத் திரைபோல் ஒளி திரும்பி வரும், அணைத்துவிடுங்கள். ஆற்றைக் கடக்குமுன்னும் அணைத்து ஆறவிடுங்கள். சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும். தோட்டத்துத் தனிச்சாலை வேறு, அரசாங்கச் சாலை வேறு. பொதுச்சாலையில் கூடுதல் விளக்குக்கு அனுமதி உண்டா, எப்படி என்பதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்நாளில் எல்.ஈ.டி. விளக்குகள் வந்துவிட்டன. குறைந்த மின்சாரத்தில் நிறைய ஒளி தருகின்றன. முழு விளக்காக வாங்கிப் பொருத்தினால் நல்லதே. ஆனால் ஹாலஜன் விளக்கின் கூட்டுக்குள் எல்.ஈ.டி. பல்பை மட்டும் மாற்றிச் சொருக வேண்டாம். உள்ளேயிருக்கும் குழியாடி, இழை இருக்கும் புள்ளியைக் கணக்கிட்டுச் செய்தது. புள்ளி சற்று மாறினாலும் ஒளி சிதறி எதிரே வருகிறவரின் கண்ணுக்குப் போகும்.

எல்லாம் முடிந்ததும் எர்த் வயரை மாட்டி, உயர்கற்றையில் சுவிட்சைப் போடுங்கள். ரிலே 'டிக்' என்று சொல்லும். கால்மணி நேரம் எரியவிட்டு, எஞ்சினை அணைத்தபின் ஒவ்வோர் இணைப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். சுடுகிற இணைப்பு இருந்தால் அதைப் பிரித்து மறுபடியும் ஈயம் வைத்துப் பற்ற வையுங்கள். தோட்டச் சாலையின் குலுக்கலில் நட்டுகள் தளரும். முதல் வாரத்திலேயே ஒருமுறை முடுக்கிவிடுங்கள். மாற்று பியூஸ் இரண்டை எஞ்சின் மூடியின் உட்புறத்தில் டேப் போட்டு ஒட்டி வையுங்கள்.