ஹீட்டருக்கு முன்னால் ஒயரைப் பாருங்கள்



தில்லித் தமிழர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வஞ்சிரமும் நேந்திரங்காயும் வேண்டுமென்றால் கால்கள் தாமாக அங்கே போகும். அடுத்த முறை போகும்போது கடைகளில் மின்சாரம் எப்படி வருகிறது என்றும் பாருங்கள். மீன் வரிசையில் ஐஸ் உருகித் தரை நனைந்தே கிடக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் விளக்கு, தராசு, பிரீஸர் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொங்கினால் அது ஆபத்து.

வீட்டிலும் இதே கதைதான், குளிர்காலம் வந்துவிட்டால். பாக்ஸ் வாங்கும்போது எத்தனை பிளக் செருகலாம் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறோம். எவ்வளவு கரண்டைத் தாங்கும் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். சாதாரண பாக்ஸ் 6 ஆம்பியர். நம் 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,380 வாட். ரூம் ஹீட்டரோ 2,000 வாட், ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். ஹீட்டரின் தடித்த பின்னைச் சின்ன சாக்கெட்டில் நுழைக்க ஒரு கன்வெர்ட்டர் பிளக் விற்கிறார்கள். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். பின்தான் மாறுகிறது, ஒயர் மெலிசாகவே இருக்கிறது. கரண்ட் இரண்டு மடங்கானால் ஒயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்கு.

ஹீட்டரைச் சுவரிலுள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேராகச் செருகுவதே நல்லது. வேறு வழியில்லையென்றால் 16 ஆம்பியர் பாக்ஸ், மூன்று கோர் செம்பு ஒயர், 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல். இந்த அளவு ஒயரின் மேலேயே அச்சிட்டிருக்கும். கடை வெளிச்சத்தில் திருப்பிப் படியுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையில் சந்தேகம் வந்தால், அதிலுள்ள லைசென்ஸ் எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். மீதமுள்ள ஒயரைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளாதீர்கள், சுருளுக்குள் சூடு தங்கிவிடும்.

பிளக்கைத் தொட்டால் சுடுகிறதா, பின் கறுத்திருக்கிறதா? இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தளர்ந்த இணைப்பு என்ன செய்யும் என்பதை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு அதிகத் தூரமில்லாத கிரீன் பார்க் உப்ஹார் தியேட்டரில், 1997 ஜூன் 13 அன்று இந்த நகரம் பார்த்தது. அங்கே காலையில் தீப்பிடித்த டிரான்ஸ்பார்மரை அரைகுறையாகச் சரிசெய்தார்கள். மாலையில் அது மறுபடி பற்றியது. 59 பேர் உயிரிழந்தார்கள். அது பெரிய டிரான்ஸ்பார்மர்தான். ஆனால் டேப் சுற்றிச் சமாளித்த பிளக்கிலும் சூடு பிறப்பது அதே காரணத்தால்தான்.

ஈரத்தில் நின்று தொழில் செய்கிறவர்களுக்கு இன்னும் ஒன்று. எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னில் ஓட்டாதீர்கள். ஒயரின் ஒட்டுகள் தரையில் கிடக்கக் கூடாது. ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர் வகை, கடைக்கும் வேண்டும், வீட்டுக்கும் வேண்டும். கரண்ட் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் சப்ளையை அது நிறுத்திவிடும். அதில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தரம் அழுத்துங்கள், சுவிட்ச் கீழே விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள்.