குப்பைக்கு லைசென்ஸ் யார் கொடுப்பது?



"குப்பையிலிருந்து மின்சாரம்: அரசு விதிகள்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் பாய்லர் பக்கம் இருப்பவன். அதனால் விதியை விட்டுவிட்டு அடுப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

டெல்லி திமார்பூரில் 1987-ல் டென்மார்க் தொழில்நுட்பத்தில் ஒரு நிலையம் கட்டினார்கள். நாளைக்கு 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் எடுப்பதாகத் திட்டம். ஓடினது இருபத்தோரு நாள்! கிலோவுக்கு 1,400 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் கிடைக்கும் என்று டிசைன். வந்த குப்பையில் இருந்ததோ ஏறக்குறைய அதில் பாதி.

ஒரு கிலோ குப்பையில் சரிபாதி ஈரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 300 கிலோகலோரி போய்விடும். மீதியில் மண்ணும் கல்லும். அட்டை, பாட்டிலையெல்லாம் பழைய பேப்பர்காரர் முன்னாடியே எடுத்துப் போயிருப்பார். (அவர் செய்வதுதான் சரி. எரிப்பதைவிட அது உசத்தி.)

சரி, லைசென்ஸுக்கு வருவோம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கட்டுவதற்கு ஓர் இசைவு, ஓட்டுவதற்கு ஓர் இசைவு. பாய்லருக்குத் தனி இன்ஸ்பெக்டர். யூனிட் விலைக்கு ஒழுங்குமுறை ஆணையம். இத்தனை பேரும் பார்ப்பது நிலையத்தை. கேட்டுக்குள் நுழையும் லாரியில் என்ன இருக்கு என்பதற்கு யார் கையெழுத்து? 2016-ல் வந்த திடக்கழிவு விதிகள், வீட்டிலேயே தரம் பிரிக்கணும், 1,500 கிலோகலோரி உள்ள மறுசுழற்சிக்கு ஆகாத குப்பையை நிலத்தில் கொட்டக் கூடாது என்றன. அதே வருஷம் திருத்திய மின்கட்டணக் கொள்கை, இந்த மின்சாரம் முழுவதையும் விநியோக நிறுவனங்கள் வாங்கியே ஆகணும் என்றது. விற்பனைக்கு உத்தரவாதம் கிடைத்தது. சரக்குக்கு?

இது பண நஷ்டத்தோடு போகிற விஷயமில்லை. எரிந்த புகை 950 டிகிரியில் குறைந்தது இரண்டு விநாடி இருக்கணும் என்று 2016 விதி சொன்னது. டயாக்ஸின் என்ற விஷம் உடைவதற்காக. ஈரக் குப்பையைப் போட்டால் உஷ்ணம் இறங்கும். தூசியை மீட்டரில் நிமிஷத்துக்கு நிமிஷம் பார்க்கலாம். டயாக்ஸினுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் புகையைப் பிடித்து லேபுக்கு அனுப்பணும். சோதனை நாளில் காய்ந்த சரக்காகப் போட்டு எரித்தால் ரிப்போர்ட் சுத்தமாக வரும். மறுநாள் புகையைச் சுவாசிப்பது பக்கத்துத் தெருக் குழந்தைகள்.

என் அபிப்பிராயம் இதுதான். இசைவு உத்தரவில் குப்பை அனுப்புகிற மாநகராட்சியும் ஒரு கட்சிக்காரராகக் கையெழுத்துப் போடணும். ஈரச் சரக்கு வந்தால் லாரியைத் திருப்பி அனுப்ப நிலையத்துக்கு உரிமை வேணும். அடுப்பு உஷ்ணத்தை வாசலில் போர்டு வைத்து ஊருக்கே காட்டணும். காய்கறிக் கழிவை அடுப்புப் பக்கமே கொண்டுவரக் கூடாது. அதற்கு மீத்தேன் வழி இருக்கிறது.

உங்களில் எத்தனையோ பேர் வாரியத்திலும் மாநகராட்சியிலும் பெரிய நாற்காலியில் இருக்கிறீர்கள். இப்படி ஒரு ஃபைல் மேஜைக்கு வந்தால், சித்திரை மாதத்து சாம்பிளை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள் சார். ஐப்பசி, கார்த்திகைக் குப்பையின் ஈர ரிப்போர்ட் எங்கே என்று கேளுங்கள்.