சந்திக் கற்களும் நமது உறுதிகளும்

(திருக்கோணமலையில் உழவர்களும் உத்தியோகத்தர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தம்பலகாமத்து வயற்காரர் ஒருவரை இருப்பிடம் எதுவென்று வினவினால், தொண்ணூற்றெட்டாம் கட்டை என்பார். நகரத்தவர் மூன்றாம் கட்டை என்பார். மூதூரில் அறுபத்துநாலாம் கட்டை என்றோர் ஊரே உண்டு. முதலில் சொன்னதும் இறுதியில் சொன்னதும் எங்கோ தொலைவிலிருந்து எண்ணிக்கொண்டு வந்த கணக்கு. இடையில் சொன்னது நமது நகரிலிருந்து எண்ணிச் சென்ற கணக்கு. ஆங்கிலேயர் ஆட்சியில் வீதியோரம் நாட்டிய மைல்கற்களே இவ்வூர்களுக்குப் பெயரிட்டன. மைல் போய்க் கிலோமீற்றர் வந்தது. பழைய கற்களிற் பல மண்ணுள் மறைந்தன. பெயர்கள் மாத்திரம் மக்கள் நாவில் நிலைத்துவிட்டன.

இவ்விந்தையைச் சொல்லி மகிழ்வதற்காக நாம் இங்கு கூடவில்லை. உங்கள் பெட்டியிலுள்ள காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். வடக்கே இன்னாருடைய வயல், கிழக்கே வாய்க்கால், தெற்கே இன்ன கட்டைச் சந்தியிலிருந்து குளத்துக்குப் போகும் தெரு என்று நான்கெல்லை எழுதப்பட்டிருக்கும். அந்தச் சந்தி எது என்று காட்டும் கல்லும் இல்லை, பெயரும் மாறிவிட்டது என்றால், அவ்வெல்லையை நீதிமன்றில் நிறுவுவது எங்ஙனம்? தமிழில் முதலிக்குளம் என வழங்கிய இடம் இன்று அரச ஆவணங்களில் மொறவெவ. பழைய உறுதியில் ஒரு பெயர், புதிய நில அளவைப் படத்தில் வேறொரு பெயர். இரண்டும் ஒன்றே எனச் சத்தியஞ் செய்து சாட்சி சொல்லக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

2006ஆம் ஆண்டில் சம்பூரை விட்டு ஓடிய மக்கள் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்தே தம் மண்ணை மீண்டும் மிதித்தனர். பத்தாண்டு எதிராட்சி பெற்றவருக்குக் காணியில் உரித்தளிக்கும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கின்றது. போரினால் இடம்பெயர்ந்தோருக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் சில காலத்துக்குச் சலுகை தந்தது. ஆனால் சட்டம் இழந்த காலத்தைக் கழித்துக் கொடுக்குமேயன்றி, எல்லை எங்கே கிடக்கின்றது என்று காட்டிக் கொடுக்காது. அதைக் கல்லும் பெயரும் சாட்சியுமே காட்ட வேண்டும்.

கல் நாட்டினாற் போதுமா என்றால், போதாது. மூதூரிலே வெள்ளைக்காரன் மரத்தடியில் 1893இல் ஆங்கிலேயர் நாட்டிய கல்லொன்று உண்டு. 1660இல் அம்மரத்தின்கீழ்ச் சிறைப்பட்டவர் ஆன் என்னுங் கப்பலின் தலைவர் றொபேட் நொக்ஸ் என்றும், அவரே கண்டியரசனிடம் பத்தொன்பது ஆண்டு சிறையிருந்தார் என்றும் அக்கல் கூறுகின்றது. கப்பற்றலைவர் தந்தை, அவர் 1661இலேயே இறந்துவிட்டார். நெடுங்காலம் சிறையிருந்து 1679இல் தப்பி, பின்னர் நூலெழுதியவர் மகன். இருவருக்கும் ஒரே பெயர். கல்வெட்டியவர் தந்தையையும் மகனையும் ஓராளாக்கிவிட்டார்! கல்லில் இருப்பதால் மட்டும் ஒரு கூற்று உண்மையாகிவிடாது. இதை நமக்கும் நாமே சொல்லிக்கொள்ள வேண்டும். குளக்கோட்டன் வரலாற்றையும், கன்னியா வெந்நீரூற்றுக்களை இராவணனோடு இணைக்குங் கதையையும் ஐதீகம் என்றே எழுதுவோம். நிலாவெளிக் கல்வெட்டுக் கோணமலைக் கோயிலுக்கு 250 வேலி நிலம் அளித்ததைக் கூறுகின்றது. அதைச் சான்று என்று எழுதுவோம். இவ்விரண்டையும் கலந்து எழுதினால், எதிர்வழக்குரைஞர் ஒரு கேள்வியில் நம் வாயை அடைத்துவிடுவார்.

நகருக்கு வடமேற்கே பெரியகுளத்தருகே வெல்கம் விகாரை இருக்கின்றது. அங்குள்ள சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுக்கள் அதனை இராசராசப் பெரும்பள்ளி என அழைக்கின்றன. விளக்கெரிக்கப் பசுக்களும் பிறவும் புத்த பள்ளிக்குக் கொடுத்ததைத் தமிழிலே பதிந்துள்ளன. கந்தளாய்ப் பக்கத்துப் பாலமோட்டைக் கல்வெட்டோ, சிங்கள மன்னன் விசயபாகுவின் பெயர் தாங்கிய சிவன் கோயிலுக்கு ஒரு பார்ப்பனப் பெண் செய்த அறத்தைக் கூறுகின்றது. இவ்விரண்டு செய்திகளையும் இவ்விடங்களுக்குத் திரும்பும் சந்திகளில் மூன்று மொழிகளிலும் எழுதிவைத்தால், பௌத்தம் என்றால் சிங்களம், சைவம் என்றால் தமிழ் என்று பாடம் படித்து வரும் பிள்ளை சற்றே நின்று சிந்திக்குமல்லவா?

அதற்கு மாறாக நடப்பதென்ன? கிழக்கு மாகாணத் தொல்லியற் களங்களுக்கென 2020 யூன் மாதம் நியமித்த சனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ ஒரு முசிலிமோ இடம்பெறவில்லை. இங்கு வாழும் மக்களைக் கேளாது இங்குள்ள கற்களுக்குப் பொருள் சொல்லப் புகுந்தனர். 1987இல் 13ஆம் திருத்தத்தினால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. ஆனால் வீதிப் பலகைகளில் தமிழ் எழுத்துப்பிழை மலிந்து கிடப்பதைப் பேருந்திற் பயணஞ் செய்யும் எவரும் காண்பர். பிழையாக எழுதிய ஊர்ப்பெயர் நாளை ஆவணத்தில் ஏறும். ஆவணத்தில் ஏறியது பின்னர் வழக்கில் வரும்.

ஆகவே நாம் கேட்பது இது. கண்டி வீதி, அநுராதபுர வீதி, மட்டக்களப்பு வீதி, நிலாவெளி வீதி ஆகியவற்றின் பழைய சந்திகள் ஒவ்வொன்றிலும், பழைய கட்டை எண்ணையும் ஊர் வழங்கிய பெயரையும் தாங்கிய கல் மும்மொழியிலும் நாட்டப்பட வேண்டும். உள்ளூர்த் தெருக்களுக்குப் பிரதேச சபையிடமும், பெருவீதிகளுக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் மனுச் செய்ய வேண்டும். மடத்தடிச் சந்தி என்கிறோம். அங்கு மடம் இருந்ததற்கு அப்பெயரைவிட வேறென்ன அடையாளம் நாம் காத்து வைத்திருக்கிறோம்?

ஆசிரியர்களும் நில அளவையாளரும் எழுதுவினைஞரும் இதற்கு உதவ வேண்டும். உழவர்கள் தத்தம் உறுதிகளின் பிரதியையும் பழைய அளவைப் படங்களையும் கொண்டு வாருங்கள். மூல உறுதியை எவரிடமும், நம்மிடங்கூட, ஒப்படைக்க வேண்டா. எழுபது வயது கடந்தவர்கள் சந்தி, குளம், வாய்க்கால் ஆகியவற்றின் பெயர்களைச் சொல்லச் சொல்ல, இளைஞர்கள் எழுதி, சொன்னவரின் கையொப்பத்தையும் திகதியையும் பெற்றுக்கொள்ளட்டும். சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசியாக முடித்தால் இன்னும் நன்று. மூதூர், தம்பலகாமம், கந்தளாய்ப் பகுதிகளிலிருந்து வந்தோர் புறப்படுமுன் முன்வரிசை மேசையில் தம் ஊர்க் கட்டை எண்ணைப் பதிந்து செல்க.