சம்பளத்தை வெட்டியபோது ஒரு சங்கம் என்ன செய்தது?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் ஊக்குநர்கள், பிரதிநிதிகளிடையே ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு உறுப்பினர் கேட்டார்: "ஆஸ்பத்திரியில வேலை செய்யறவங்க ஸ்டிரைக் பண்ணினா நோயாளி கதி என்னாவது? அது பாவம் இல்லையா?" நல்ல கேள்வி. பட்டென்று பதில் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. அதனால் ஒரு நிஜமான போராட்டத்தைப் பற்றிச் சொல்கிறோம். ஊர் ரொம்ப தூரம். ஆனால் அங்கே போராடியவர்கள் செய்த வேலை நமக்கு நன்றாகவே தெரிந்த வேலை.

கனடா நாட்டின் மேற்குக் கரையில் பிரிட்டிஷ் கொலம்பியா என்று ஒரு மாகாணம் இருக்கிறது. வான்கூவர்தான் அங்கே பெரிய நகரம். அந்த மாகாணத்தின் மருத்துவமனை ஊழியர் சங்கம் 1944-ல் தொடங்கியது. வார்டு கூட்டுபவர், துணி வெளுப்பவர், நோயாளிக்குச் சமைப்பவர், வயதானவர்களைக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொள்பவர், ஆபீஸில் பதிவு எழுதுபவர் எல்லோரும் அதில் உறுப்பினர்கள். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பெண்கள். பிலிப்பைன்ஸில் இருந்தும் நம்ம பஞ்சாபில் இருந்தும் போய்க் குடியேறியவர்கள் நிறைய பேர். "இதெல்லாம் வீட்டு வேலை மாதிரிதானே" என்று குறைத்துக் கொடுத்த கூலியை, பல வருஷம் பேசிப் பேசி ஒரு மரியாதையான சம்பளமாக அந்தச் சங்கம் உயர்த்தியிருந்தது.

2001-ல் அங்கே புது ஆட்சி வந்தது. கார்டன் கேம்பல் முதல்வர். வந்தவுடனே வருமான வரியைக் கால் பங்கு குறைத்தார்கள். வரியைக் குறைத்தால் கஜானா குறையும்தானே? கஜானா குறைந்ததும் ஆஸ்பத்திரிச் செலவில் கை வைத்தார்கள். இங்கே ஒன்று சொல்லணும். தேர்தலுக்கு முன்னால் இதே கேம்பல், போட்ட ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட மாட்டோம் என்று அந்தச் சங்கத்தின் பத்திரிகைக்கே பேட்டி கொடுத்திருந்தார். பத்திரிகை வைத்திருப்பதில் இப்படியும் ஒரு பலன் உண்டு, சொன்னது அச்சில் நிற்கும்.

2002 ஜனவரியில் 29-ம் எண் மசோதாவை ஒரே வார இறுதியில் சட்டமாக்கினார்கள். சங்கத்தோடு உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. வேலையைக் காண்ட்ராக்டுக்கு விடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்த பாதுகாப்பு அதோடு செல்லாமல் போயிற்று. அடுத்த இரண்டு வருஷத்தில் 8,000 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். துப்புரவும் சமையலும் துணி வெளுப்பும் தனியார் கம்பெனிகளுக்குப் போனது. மணிக்குச் சுமார் 18 டாலர் வாங்கிய இடத்தில் புதிதாக வந்தவருக்கு 10 டாலரை ஒட்டித்தான் கிடைத்தது.

அரசு சொன்ன நியாயம் என்ன தெரியுமா? ஓட்டலில் கூட்டுபவரைவிட ஆஸ்பத்திரியில் கூட்டுபவர் அதிகம் வாங்குகிறார் என்பதுதான். ஓட்டல் ரூமில் தூசி இருந்தால் விருந்தாளி முகம் சுளிப்பார். ஆபரேஷன் செய்தவர் கட்டிலுக்குக் கீழே சுத்தம் இல்லையென்றால் புண் சீழ் பிடிக்கும். ரத்தமும் சலமும் பட்ட தரையை எந்த மருந்து ஊற்றி, எவ்வளவு நேரம் ஊறவிட்டுத் துடைக்கணும் என்பது ஒரு படிப்பு. நம் குழுக்களிலேயே தூய்மைக் காவலராக இருக்கும் அக்காமார்களைக் கேளுங்கள், குப்பையில் எது எதைத் தனியாகத் தொடணும் என்று அவர்கள் சொல்வார்கள்.

2004-ல் சம்பளப் பேச்சுவார்த்தை முறிந்தது. ஏப்ரல் 25-ம் தேதி சுமார் 43,000 பேர் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள்.

இப்போது அந்த உறுப்பினர் கேட்ட கேள்விக்கு வருவோம். அங்கே ஆஸ்பத்திரி ஊழியர்கள் எல்லோரும் ஒரேயடியாக வெளியே வந்துவிட முடியாது. உயிர் காக்கும் வேலைக்கு எந்த வார்டில் எத்தனை பேர் இருக்கணும் என்பதைத் தொழில் உறவு வாரியம் தீர்மானிக்கும். அத்தனை பேர் உள்ளே வேலை செய்தார்கள், மற்றவர்கள் வாசலில் அட்டை பிடித்து நின்றார்கள். அவசர சிகிச்சை நடந்தது. ஆனால் நாள் குறித்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான ஆபரேஷன்கள் தள்ளிப் போயின. வலியோடு காத்திருந்தவருக்கு அது கஷ்டம்தான், மறைக்க வேண்டியதில்லை. அதே நேரம், 8,000 பேரை வெளியே அனுப்பிய நாளிலும் பாதிக்கப்பட்டது அதே நோயாளிதான். அதை அப்போது யாரும் பாவம் என்று சொல்லவில்லையே என்பது எங்கள் வருத்தம்.

ஏப்ரல் 28-ம் தேதி அரசு 37-ம் எண் மசோதாவைக் கொண்டு வந்தது. ஸ்டிரைக் செய்யக்கூடாது, 15 சதவீதச் சம்பள வெட்டு. இந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். 11 சதவீதம் நேராகச் சம்பளத்தில் பிடித்தம். மீதி எங்கே? வாரத்துக்கு 36 மணி நேர வேலையை 37½ மணி நேரம் ஆக்கினார்கள், கூடுதல் நேரத்துக்குக் காசு கிடையாது. அதுவும் வெட்டுதான். 100 ரூபாய் கூலியில் 11 ரூபாயைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நேரம் களை எடுத்துட்டுப் போ" என்று சொன்னால் நமக்குப் புரியாதா? போதாததற்கு, ஏப்ரல் 1 முதலே வெட்டு அமல் என்றார்கள். ஏற்கெனவே வாங்கிச் செலவழித்த சம்பளத்தில் இருந்து திருப்பிக் கட்டணும்!

சட்டம் வந்த பிறகும் பெண்கள் வாசலை விட்டுப் போகவில்லை. மற்ற சங்கங்களும் கூட வந்து நின்றன. மே 3-ம் தேதி திங்கட்கிழமை மாகாணம் முழுக்க வேலைநிறுத்தம் என்று பேச்சு எழுந்தது. ஆனால் ஞாயிறு இரவே தலைவர்கள் அரசோடு ஒரு உடன்பாடு செய்துகொண்டார்கள். முன்தேதியிட்ட பிடித்தம் ரத்தானது. இரண்டு வருஷத்தில் 600 வேலைக்கு மேல் காண்ட்ராக்டுக்கு விடக்கூடாது என்று ஒரு வரம்பு வந்தது. வேலை போனவர்களுக்காக 2½ கோடி டாலர் ஒதுக்கினார்கள். 15 சதவீத வெட்டு மட்டும் அப்படியே நின்றது.

இந்த உடன்பாட்டை உறுப்பினர்களிடம் ஓட்டுக்கு விடவில்லை. வாசலில் நின்ற பெண்கள் பலர் அழுதார்கள், திட்டினார்கள். சிலர் திங்கட்கிழமையும் கலையாமல் நின்றார்கள். தலைவர்கள் தரப்பில் நியாயம் இருக்கலாம், கோர்ட்டும் சட்டமும் கழுத்தைப் பிடித்த நேரம் அது. இருந்தாலும் நம் குழுவில் ஒரு லோனுக்கே தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம். 43,000 பேர் சம்பளத்தை அவர்களைக் கேட்காமல் முடித்தது சரியில்லை என்பதுதான் எங்கள் அபிப்பிராயம். நீங்கள் வேறு மாதிரி நினைத்தால் சொல்லுங்கள், பேசலாம்.

சங்கம் அதோடு ஓயவில்லை. ஒரு பக்கம், காண்ட்ராக்ட் கம்பெனியில் சேர்ந்த புதுப் பெண்களை "நம்ம வேலையைப் பிடுங்கினவங்க" என்று ஒதுக்காமல், அவர்களையும் உறுப்பினராகச் சேர்க்க ஆரம்பித்தது. இது பெரிய மனசு மட்டுமல்ல, புத்திசாலித்தனமும் கூட. இன்னொரு பக்கம், 2002 சட்டத்தை எதிர்த்து வழக்கு. 2007 ஜூன் 8-ம் தேதி கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சங்கமாகச் சேரும் உரிமைக்குள் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையும் அடங்கும், அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்றது. இருபது வருஷத்துக்கு முன் தானே சொன்ன தீர்ப்பை அந்த நீதிமன்றம் இதில் மாற்றிக்கொண்டது. 2008-ல் அரசு 8½ கோடி டாலருக்குச் சமரசம் செய்தது. மீதிச் சட்டத்தையும் ரத்து செய்ய 2018-ல் வந்த இன்னொரு அரசு சட்டமியற்றியது.

2021 ஆகஸ்டில், துப்புரவு, சமையல் வேலையில் இருந்த 4,000-க்கும் மேற்பட்டவர்களை மறுபடியும் நேரடி ஊழியர்களாக எடுப்போம் என்று அந்த மாகாண அரசு அறிவித்தது. அடுத்த வருஷம் முதல் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக எடுத்தார்கள். 2002 சட்டத்தால் வேலை போனவர்களில் பலருக்கு அதற்குள் ஓய்வு வயதே வந்திருக்கும்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களும் கேட்கலாம்.