"கவுண்டர் ஸ்டியரிங்" என்றால் என்ன?

(தோட்டப் பொது மண்டபம் ஒன்றில் ஆற்றிய உரை)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு சொல்லைப் பற்றியதாகும். மோட்டார் சைக்கிள் பயிற்சியாளரிடையேயும் சைக்கிள் பந்தய வீரரிடையேயும் வழங்கிவரும் அச்சொல் "கவுண்டர் ஸ்டியரிங்" என்பது. ஒரு சொல்லுக்காக ஒரு கூட்டமா எனப் பின்வரிசையில் சிலர் புன்னகை புரிவது தெரிகிறது. விடியுமுன் பெரட்டுக்குச் செல்வது மோட்டார் சைக்கிளில். பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு ஸ்டோருக்குச் செல்வதும் அதில். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் அதில்தான். நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. ஆகவே சற்றுப் பொறுமையுடன் செவிமடுக்க வேண்டுகிறோம்.

முதலில் நமக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு தோட்டத்தில் அலுவலை முடித்துக்கொண்டு அந்தி நேரத்தில் மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தோம். வலப்பக்கத்து நிரையிலிருந்து பசு ஒன்று சாலையில் இறங்கிற்று. இடப்பக்கம் ஒதுங்க வழி இருந்தது. நாமும் ஹேண்டிலை இடப்பக்கமாக வெடுக்கென்று திருப்பினோம். வண்டியோ வலப்பக்கம் சாய்ந்து, நேரே பசுவின் மீது போய் மோதியது. பசு எழுந்து, ஒன்றும் நடவாததுபோல் நடந்து சென்றது. நமக்குக் காறையெலும்பு முறிந்தது. ஹேண்டிலில்தான் கோளாறு என்று பட்டறைக்காரரிடம் நெடுநேரம் வாதிட்டோம். அவர் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டியில் ஒரு குறையும் இல்லை ஐயா" என்றார். குறை எங்கே இருந்தது என்பதைப் பின்னாளில் இச்சொல்லைக் கற்றபோதுதான் அறிந்தோம்.

சொல்லின் பொருள் இதுதான். ஓடிக்கொண்டிருக்கும் இருசக்கர வண்டியை இடப்பக்கம் திருப்ப வேண்டுமாயின், முதற்கணத்தில் அதன் முன்சக்கரம் சிறிதளவு வலப்பக்கம் திரும்ப வேண்டும். வேறு விதமாகச் சொன்னால், இடக் கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். வலப்பக்கம் செல்ல, வலக் கைப்பிடியைத் தள்ள வேண்டும். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். ஆனால் நீண்ட கோல் ஒன்றை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடும் சிறுவனைப் பாருங்கள். கோல் இடப்பக்கம் சாய வேண்டுமென்றால் அவன் கையை வலப்பக்கம் நகர்த்துகிறான். அடி வலப்பக்கம் போக, நுனி இடப்பக்கம் சாய்கிறது. மோட்டார் சைக்கிளும் அத்தகைய கோலே. சக்கரம் தரையைத் தொடும் இடம் வலப்பக்கம் நகர்ந்தால், மேலே அமர்ந்திருக்கும் நாம் வண்டியோடு இடப்பக்கம் சாய்கிறோம். சாய்ந்த பின்னர் முன்சக்கரம் தானே இடப்பக்கம் திரும்பிக்கொள்ளும். நடைவேகத்தில் ஊர்ந்து செல்கையில் இது நமக்குப் புலப்படாது. அப்பொழுது ஹேண்டிலைத் திருப்பிய பக்கமே வண்டி போவதாகத் தோன்றும். வேகம் கூடக் கூடத்தான் இவ்விதி தன் வலிமையைக் காட்டும்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. 1903-ஆம் ஆண்டில் விமானத்தில் பறந்து காட்டிய ரைட் சகோதரர்கள், அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். அவர்களில் மூத்தவரான வில்பர் ரைட், இடப்பக்கம் திரும்ப என்ன செய்கிறீர்கள் என்று பல சைக்கிளோட்டிகளைக் கேட்டுப் பார்த்தார். முதற்கேள்விக்கு முழுமையாகச் சரியான விடை சொன்னவர் ஒருவரும் இலர். ஹேண்டிலை இடப்பக்கம் திருப்புகிறோம் என்றே பெரும்பாலும் சொன்னார்கள். அதே நேரத்தில் அவர்கள் அனைவரும் சரியாகவே ஓட்டிக்கொண்டுமிருந்தார்கள்!

அப்படியாயின், உடல் தானே அறிந்து செய்வதற்குப் பெயர் எதற்கு என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அச்சமில்லாத வேளையில் கை தன் வேலையைச் செம்மையாகச் செய்கிறது. திடீரென்று லாரியோ மாடோ எதிர்ப்பட்டால், கையை ஒதுக்கிவிட்டு மனம் முந்திக்கொள்கிறது. அந்த மனத்தில் இருப்பதோ தவறான பாடம். "இடப்பக்கம் போக இடப்பக்கம் திருப்பு" என்கிறது அது. நாம் பசுவின் மீது மோதியது அதனால்தான்.

1981-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தது. ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் ஒரு குழுவினர் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் சென்று ஆராய்ந்தனர். ஆபத்தைக் கண்டபின் ஓட்டுநருக்குக் கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் 2 விநாடிக்கும் குறைவு என அவர்கள் கண்டனர். 60 கிலோமீட்டர் வேகத்தில் 2 விநாடியில் வண்டி 33 மீட்டர் கடந்துவிடும். அந்த வேளையில் பலரும் பின்பிரேக்கை அழுத்தி மிதித்துச் சறுக்கினார்களேயன்றி, முன்பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. கவுண்டர் ஸ்டியரிங் செய்து விலகும் திறமை அவர்களிடம் ஏறத்தாழ இல்லவேயில்லை.

இளைஞர் சிலர், உடலைச் சாய்த்தால் வண்டி தானே திரும்பும் என்பர். கீத் கோட் என்னும் அமெரிக்கப் பயிற்சியாளர் இதைச் சோதிக்க, திரும்பாத இன்னொரு ஹேண்டிலை வண்டியின் சட்டத்தோடு இறுகப் பொருத்தினார். அதைப் பிடித்து ஓட்டியவர்கள் எவ்வளவு சாய்ந்தும், வண்டி சற்று அலைந்ததேயன்றி விரும்பியவாறு விரைந்து திரும்பவில்லை.

இச்சொல்லுக்கு வேறொரு வழக்கும் உண்டு. காரின் பின்பகுதி சறுக்கும்போது, அது சறுக்கும் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிப்பதையும் காரோட்டிகள் இதே பெயரால் அழைக்கின்றனர். அது சறுக்கலைத் தடுக்கும் வழி. நாம் சொல்வது சறுக்காத வண்டியைத் திருப்பும் வழி. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. தமிழில் இதனை "எதிர்த்திருப்பு" எனலாம். ஆயினும் ஆசிரியராய்ப் பயின்ற நமக்கு அதில் மனநிறைவில்லை. எதிர்ப்பக்கம் போகச் சொல்வதுபோல் அது ஒலிக்கிறது. "தள்ளு" என்ற சிறு சொல்லே நெருக்கடியில் நினைவுக்கு வரும்.

தோட்டத்துச் சாலைக்கென்று சில எச்சரிக்கைகள். இவ்வித்தை முழுவதும் டயரின் பிடிப்பை நம்பியது. மழையில் நனைந்த செம்மண்ணிலும் உதிரிச் சரளையிலும் வெடுக்கெனத் தள்ளினால் முன்சக்கரம் வழுக்கிவிடும்; அங்கே வளைவு வருமுன் வேகத்தைக் குறைப்பதே வழி. பின்னால் பாரம் ஏறினால் முன்சக்கரம் இலேசாகும். பாதி நிறைந்த வாளியில் பால் அலம்பி வண்டியை ஆட்டும். அவ்வேளையில் வண்டி தாமதித்தே திரும்பும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே விலக முயல்வதும் தவறு. டயரின் பிடிப்பு ஓரளவே உண்டு. அதைப் பிரேக் தின்றுவிட்டால் விலகுவதற்கு மிஞ்சாது. பிரேக்கை விட்டுவிட்டுத் தள்ளுங்கள்.

பந்துத் திடலில் மண் இன்று காய்ந்திருக்கிறது. நான்கு வெற்று வாளிகளை இடைவெளி விட்டு வைத்திருக்கிறோம். தலைக்கவசம் அணிந்தவர்கள் மட்டும் ஒருவர் பின் ஒருவராக வரலாம். 30 கிலோமீட்டர் வேகத்திற்கு மேல் வேண்டாம். முதல் வாளியை நெருங்குகையில் இடக் கைப்பிடியை மெல்லத் தள்ளிப் பாருங்கள். பின்வரிசையில் புன்னகை புரிந்த தம்பிமார் முதலில் வரட்டும்.