ரிசைன், ரிட்ரெஞ்ச்



"வேலை நின்றுவிட்டது" என்று நாம் சொல்லிவிடுகிறோம். நாமாக நின்றோமா, அவர்கள் நிறுத்தினார்களா என்பது அதில் தெரிவதில்லை. ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொற்கள். தொழிலாளி தாமாக விலகினால் 'ரிசைன்'. ஆள் மிகுதி, தோட்டம் மூடல் என்று நிர்வாகம் நிறுத்தினால் 'ரிட்ரெஞ்ச்'. வெட்டிக் குறைப்பது என்பதே அதன் மூலப்பொருள். செலவைக் குறைப்பதற்கும் இதே சொல்தான்.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். 'ஐ ரிசைன்ட்' என்றால் செய்தவர் நாம். 'ஐ வாஸ் ரிட்ரெஞ்ச்ட்' என்றால் செய்தவர் வேறொருவர். அந்தச் சிறிய 'வாஸ்' அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மலாயிலும் அப்படியே: 'பெர்ஹென்தி' நாமாக நிற்பது, 'டிபெர்ஹென்திகான்' நிறுத்தப்படுவது.

இதில் பணம் அடங்கியிருக்கிறது. தீபகற்ப மலேசியாவில், 1980ஆம் ஆண்டு பணிநிறுத்த உதவித்தொகை விதிகளின்படி, ஓராண்டாவது வேலை செய்தவர் ஆட்குறைப்பில் நிறுத்தப்பட்டால் தொகை உண்டு. ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு, ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் சம்பளம். இருபது ஆண்டு பால்மரம் சீவியவருக்கு 400 நாள் சம்பளம்! ரிசைன் செய்தவருக்கு இவ்விதியில் ஒரு காசும் இல்லை.

ஆபீசில் தாளை நீட்டி, "சும்மா ஒரு கையெழுத்துத்தான்" என்பார்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை இருக்குமே, அதை அழைத்து வாசிக்கச் சொல்லுங்கள். 'ரிசைன்' என்பதில் 'ஜி' எழுத்து இருந்தும் ஒலிக்காது. தலைப்பில் 'ரெசிக்னேஷன்' என்று வந்தால் ஒலிக்கும். இரண்டும் ஒன்றுதான். கேட்ட பிறகு பேனாவை எடுங்கள்.