நாணயமும் நம்பிக்கையும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழ்ப் பண்டிதர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



நாணயம் என்னுஞ் சொல் நம் மொழியில் இருபொருள் பயப்பது. அச்சிட்ட காசும் நாணயமே. சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயமே. முன்னதைப் பிறரிடம் ஒப்படைப்பவன் பின்னதை நம்பியே ஒப்படைக்கின்றான். அந்நம்பிக்கையை எதன்மேல் வைத்தல் தகும் என்பதே இன்று யான் ஆராயப் புகுந்த பொருள். சென்னை மாநகரில் 1906ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு பெருவீழ்ச்சி இதற்குத் தக்க பாடமாகும்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்த காலத்தில் சென்னையில் தலைசிறந்து விளங்கிய ஆங்கிலேய வாணிப நிலையங்கள் மூன்று. அவை பாரி, பின்னி, ஆர்பத்நட்டு என்பன. இவற்றுள் ஆர்பத்நட்டு கம்பெனியார் வாணிபத்தோடு பாங்கித் தொழிலும் நடத்தி, பொதுமக்களிடம் டிபாஸிட்டுப் பெற்று வந்தனர். அரசாங்கத்தின் ஆதரவு பெற்றிருந்த மதராஸ் பாங்கியினும் மிகுதியான வட்டி இங்கே கிடைத்தது. அதன் தலைவர் ஸர் ஜார்ஜ் ஆர்பத்நட்டு, நகரப் பெருமக்களுள் முதல்வரிசையில் வைத்து எண்ணப்பட்டவர். பென்ஷன் பெற்ற உத்தியோகஸ்தரும், வக்கீல்களும், சிறுகச் சிறுகச் சேர்த்த குமாஸ்தாக்களும், கணவனை இழந்த மாதரும் தத்தம் பொருளை அங்கே வைத்துக் கவலையற்றிருந்தனர். ‘துரையிடம் உள்ள பணம், எங்கே போகும்?’ என்பதே அவர் எண்ணம்.

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. அன்று அந்நிலையம் பணங்கொடுத்தலை நிறுத்தியது. வாழ்நாள் முழுதும் ஈட்டிய பொருள் ஒரே நாளில் கைவிட்டுப் போனதைக் கண்டு குடும்பங்கள் பல நிலைகுலைந்தன.

இவ்வீழ்ச்சிக்குக் காரணம் யாது? பஞ்சமோ, படையெடுப்போ, கள்வர் செயலோ அன்று. லண்டனில் இதனோடு இணைந்திருந்த நிலையத்தை மக்பேடியன் என்பவர் நடத்தி வந்தார். ஊகவாணிபத்திலும், பயன்தாராத முயற்சிகளிலும் பெரும்பொருள் இறைக்கப்பட்டது. கடனைத் தீர்க்கும் ஆற்றல் போய்ச் சில ஆண்டுகள் கழிந்த பின்னரும், இங்கே புதிய டிபாஸிட்டுகள் வாங்கப்பட்டு வந்தன. மக்பேடியன் அவ்வக்டோபர் மாதத்திலேயே லண்டனில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஸர் ஜார்ஜ் 1907இல் விசாரிக்கப்பட்டுப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். ஆயினும், தண்டனை வைத்தவர் இழந்த பொருளை மீட்டுத் தருவதன்றே!

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. ஆர்பத்நட்டு நிலையம் சில கூட்டாளிகளுக்கு உரிய தனிக் கம்பெனி. அதன் வரவுசெலவுக் கணக்கைப் பணம் வைத்தவர் கண்டதில்லை, காட்டுமாறு கேட்டதுமில்லை. அவர் நம்பியது கணக்கையன்று. பெயரையும் மாளிகையையும் வட்டியையுமே. திருவள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்துதெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராயாமல் நம்புதலும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுதலும் ஆகிய இரண்டும் தீங்கென்பது அவ்வதிகாரத்தின் கருத்து. அரசனுக்குக் கூறிய அவ்விலக்கணம் இல்லறத்தானுக்கும் பொருந்துவதே.

இழந்தவர் அழுது ஓய்ந்துவிடவில்லை என்பது நாம் பெருமையோடு நினைக்கற்பாலது. கடன்பட்டோர்க்கு எதிராகப் பணம் வைத்தவர் பக்கம் நின்று வாதாடிய வக்கீல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர், நம் நாட்டார் தாமே நடத்தும் பாங்கி ஒன்று வேண்டுமென முனைந்தார். நகரத்தார் குல வணிகரும் துணை நின்றனர். 1907 மார்ச்சில் இந்தியன் பாங்கி பதிவு பெற்று, ஆகஸ்ட் 15இல் தொழில் தொடங்கியது. பங்குதாரர்க்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்ட கூட்டுப்பங்கு நிலையமாக அது அமைந்தது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் குலத்தார் நாடார் பாங்கியை நிறுவினர். 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்கி எனப் பெயர் பெற்றது. ஒரு குலத்தாரின் ஒற்றுமை, கணக்கோடும் சட்டத்தோடும் கூடியபோது அதனால் விளையும் நன்மைக்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

அவ்வொற்றுமை கணக்கை மறந்தால் வருவது யாது? அன்று ‘துரை’ என்று நம்பினர். இன்று ‘நம்மவர்’ என்று நம்புகின்றனர். மிகுவட்டி தருவதாகக் கூறும் ஒருவர் நம் குலத்தவர், நம் திருமணங்களில் முன்வரிசையில் அமர்பவர் என்பதனால், பெண்ணின் கலியாணத்துக்கு வைத்த பொருளைச் சீட்டுமின்றிக் கொடுத்துவிடுகின்றோம். கேட்பது மரியாதைக் குறைவென நாணுகின்றோம். நேர்மையுள்ளவன் கணக்குக் கேட்பதைக் குறையாகக் கொள்ளான். குறையாகக் கொள்பவனிடம் கொடாமலிருத்தலே நன்று.

சட்டமும் மெல்ல மெல்ல நமக்குக் காவலாயிற்று. 1935இல் ரிசர்வ் பாங்கி தோன்றியது. 1960இல் கேரளத்துப் பாலை சென்ட்ரல் பாங்கி வீழ்ந்தபின், 1962 ஜனவரி முதல் நாளில் டிபாஸிட்டு இன்ஷூரன்ஸ் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ரூ. 1,500 வரையில் இருந்த அப்பாதுகாப்பு, 1993இல் ஒரு லட்சமாகவும், 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சமாகவும் உயர்ந்தது. ஒரே பாங்கியின் பல கிளைகளில் ஒருவர் தம் பெயரால் வைத்தவை, அசலும் வட்டியுமாக ஒன்றாகவே எண்ணப்படும் என்பதை நினைவிற்கொள்க. தனியார் சீட்டுக்கும், நிதிக் கம்பெனியின் டிபாஸிட்டுக்கும் இக்காவல் இல்லை.

பங்கு வேறு, டிபாஸிட்டு வேறு என்பதையும் அறிதல் வேண்டும். கரூர் வணிகர் சிலர் 1926இல் தொடங்கிய லக்ஷ்மி விலாஸ் பாங்கி, 2020 நவம்பரில் இடருற்றது. ரூ. 25,000க்கு மேல் எடுத்தலாகாதெனச் சில நாள் தடை விதிக்கப்பட்டது. பின்னர் அது டி.பி.எஸ். பாங்கியோடு இணைக்கப்படவே, டிபாஸிட்டு வைத்தவர் பொருள் தப்பியது. பங்கு வாங்கியவர் முதலோ முற்றும் நீக்கப்பட்டது. பங்கு வாங்குபவன் உரிமையாளன். இலாபத்துக்கு உரியவன் நட்டத்துக்கும் உரியவனே. ஆதலின், இழந்தால் அடுப்பெரியாத பொருளைப் பங்கில் இடுதல் கூடாது.

அன்பர்களே! பணம் வைக்குமுன் மூன்று கேள்வி கேட்போம். வாங்குபவர் சட்டப்படி டிபாஸிட்டு வாங்க உரிமை பெற்றவரா? அவர்தம் கணக்கு ஆண்டுதோறும் வெளியாகின்றதா? பிறர் தரும் வட்டியினும் இவர் மிகுத்துத் தருவது எதனால்? இம்மூன்றுக்கும் விடை பெற்ற பின்னரே பெட்டியைத் திறப்போமாக. இக்கேள்விகளை வீட்டு மாதரும் கற்றிருத்தல் இன்றியமையாதது. ஏனெனில், ஆடவர் தவறவிட்ட பொருளுக்காக நெடுங்காலம் துன்புறுபவர் அவரே.